கூண்டுக்குள்ளே என்ன நடக்கிறது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கள் அடுத்த வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது. தங்கமான மனிதர்கள். பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடுமாமே? அப்படியானால் ஊரை அடித்து உலையில் போட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டதா? அந்த அம்மாளிடமே கேட்கலாம் என்றால் சங்கோசமாக இருக்கிறது. நீங்களாவது சொல்லுங்களேன்!”

கத்தோலிக்க வீட்டில் பிறந்த எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காலேஜ் ஹாஸ்டலில் கேட்டிருக்கிறார்கள், ரயிலில் கேட்டிருக்கிறார்கள், எங்கள் காரியாலயத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்கிறார்கள். “உங்கள் பாடு யோகம்தான் ஸார்! வாரத்துக்கு ஒரு சலவை!” என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாசகி சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வியாகவே கேட்டிருக்கிறார்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டிமார் இதைப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றார்கள். 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, லத்தீன் பூசை தமிழ்த் திருப்பலியானது. அதையொட்டிப் பல பழைய வார்த்தைகளும் மாறின. இப்போது இதற்கு ‘ஒப்புரவு’ என்று பெயர். ஒப்புரவு என்பது வள்ளுவரும் ஓர் அதிகாரத்துக்கு வைத்த நல்ல வார்த்தைதான், பொருள்தான் வேறு. ஆனாலும் தென்பாண்டிச் சீமையில் இன்னும் “பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாரேன்” என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் காரியத்துக்கும் தமிழுக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசிய சேசுசபைக் குரு, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழி எழுத்தில் இந்த நாட்டில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று அது. அடுத்த இரண்டே வருஷத்தில், 1580-ல், கொச்சியில் அவர் இன்னொரு புத்தகம் போட்டார். பெயர் ‘கொம்பெசியோனாயரு’. வாயில் நுழையவில்லையா? போர்த்துக்கீசிய வார்த்தைக்குத் தமிழ்ச் சட்டை மாட்டினால் அப்படித்தான் இருக்கும். பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம் அது. கம்ப ராமாயணம் அச்சேறுவதற்கு எத்தனையோ காலம் முன்னால், முத்துக் குளிக்கிற பரதவர்கள் தங்கள் மனச்சாட்சியைத் துருவிப் பார்ப்பதற்கு ஓர் அச்சுப் புத்தகம் இருந்திருக்கிறது!

சரி, கூண்டுக்குள் நுழைவோம். பழைய கோயில்களில் மரத்தாலான ஒரு கூண்டு இருக்கும். நடுவிலே குரு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு துளைப் பலகை. அதற்கு இந்தப் புறம் நாம் முழந்தாளிட வேண்டும். குரு நம் முகத்தைப் பார்ப்பதில்லை. காது மட்டும்தான் நம் பக்கம். இந்த ஏற்பாட்டைப் பதினாறாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து மேற்றிராணியார் சார்லஸ் பொரோமியோ கண்டிப்பாக்கினார். காரணம் வெகு சாதாரணமானது. பெண்கள் தனியே ஓர் ஆணிடம் பேசுகிற இடம். நடுவே ஒரு தடுப்பு இருந்தால்தான் இரு தரப்புக்கும் மரியாதை. 1983-ம் ஆண்டு திருச்சபைச் சட்டமும், விரும்புகிறவர்களுக்குத் தட்டி போட்ட இடம் இருக்க வேண்டும் என்கிறது.

போகிறவர் செய்ய வேண்டியவை ஐந்து என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்ப்பது, அதற்காக மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. குழந்தைகள் இதைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். கவனித்தீர்களா? குருவிடம் சொல்வது நாலாவதுதான். வெளியே இருப்பவர்கள் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. மற்ற நாலும் கூண்டுக்கு வெளியே நடக்கிறவை. மூன்றாவது இல்லாவிட்டால் நாலாவது செல்லாது. குரு ஆசீர்வாத மந்திரம் சொன்னாலும்கூடச் செல்லாது. கள்ளக் கையெழுத்துப் போட்ட செக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்குமேல் விதியைச் சொல்லிக்கொண்டு போவதைவிட, எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தன ரகசியம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். ரகசியம் குருவுக்குத்தான்; சொன்னவர் தம் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அவரே என்னிடம் சொன்னார். ஊர் பேர் போடாமல் எழுத அனுமதியும் கொடுத்தார்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியவர் கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தேர்த் திருவிழா என்றால் வடத்தில் முதல் கை அவர் கைதான். அவருக்கு ஒரே தங்கை. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, இளவயதிலேயே தாலியறுத்தவள். தகப்பனார் உயில் எழுதாமல் காலமானார். 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் சட்டம் ஊருக்குள் வருவதற்குள் வழக்கம் வாசலில் நின்றுகொள்கிறது அல்லவா? “சீர் செனத்தி எல்லாம் செய்தாயிற்று, பொம்பிளைக்குப் பங்கு எதற்கு?” என்பது வழக்கம். பெரியவர் ஒரு காகிதத்தைக் கொண்டுபோய், “தீர்வை விஷயம் தங்கச்சி, இங்கே ஒரு கைநாட்டு வை” என்றார். அவளும் அண்ணன் சொன்னால் சரி என்று வைத்தாள். இரண்டு ஏக்கர் வயலும் ஒரு பனைவிளையும் அவர் பேருக்கு வந்தன.

11 வருஷம் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் பாஸ்குக் காலத்தில் அவர் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டுதான் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்பது 1215-ல் லாத்தரன் சங்கம் போட்ட கட்டளை. கோபம் வந்தது, பொய் சொன்னேன், வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொல்வார். வயல் மட்டும் அந்த வரிசையில் வராது. “அது பாவம்னே தோணலை தம்பி. நெசமாவே தோணலை” என்றார் என்னிடம். அப்புறம் ஒரு தவக்காலத்தில், மனைவி காய்ச்சலில் படுத்துப் பிழைத்த சமயம், தோன்றியிருக்கிறது. புதிதாக வந்திருந்த இளைய குருவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

“நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டாராம் குரு.

“என்கிட்டதான் சாமி.”

“அப்படியானால் நீங்கள் செய்த பாவத்தைச் சொல்லவில்லை; செய்துகொண்டிருக்கிற பாவத்தைச் சொல்கிறீர்கள். திருப்பிக் கொடுக்கிறீர்களா?”

பெரியவர் பேசவில்லை. நாளைக்கே பத்திரம் பதிய வேண்டும் என்று குரு கேட்கவில்லை. கொடுக்கிறேன் என்ற உறுதி இருந்தால் போதும். அந்த உறுதிதான் தொண்டைக்கு மேலே வரவில்லை. “மனசு வந்த பிறகு வாருங்கள், காத்திருக்கிறேன்” என்று சொல்லிக் குரு மன்னிப்புக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

வாசகி அம்மாள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். திருடினவன் ‘மன்னியும்’ என்று கேட்டால் மட்டும் போதாது. திருடிய பொருளைத் திருப்ப வேண்டும். இது அந்த இளைய குரு கண்டுபிடித்த சட்டமல்ல. 1600 வருஷத்துக்கு முன்னாலேயே அர்ச். அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் கறாராக எழுதிவைத்திருக்கிறார். சுவிசேஷத்தில் வருகிற சக்கேயு என்ற வரி வசூல்காரனும், ஏமாற்றி வாங்கியதை நாலு பங்காகத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் சேசுநாதரிடம் சொன்னான்.

மன்னிப்பு இல்லையென்றால் நற்கருணையும் வாங்கக் கூடாது. நகரத்துக் கோயிலில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கிராமத்தில் அப்படியா? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது, முன் வரிசைப் பெரியவர் மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால்? மனைவி கேட்டாள். “காப்பி குடிச்சிட்டேன்” என்றார். நன்மை வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது விதி. அதனால் அந்தச் சாக்கு ஒரு வாரம் செல்லும். அந்த அம்மாள் ஆறு மாதம் பொறுத்திருந்துவிட்டு, “அது என்ன ஞாயித்துக்கிழமை மட்டும் தவறாம வர்ற காப்பி?” என்று கேட்டாளாம்!

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் குரு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒன்றுமே செய்யவில்லை. வீடு மந்திரிக்க வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். மழை பெய்ததா என்று விசாரித்தார். ஒரு பார்வை, ஒரு ஜாடை கிடையாது. அதைவிட வேடிக்கை, அந்தத் தங்கையே ஒரு நாள் குருவிடம் போய், “அண்ணன் என் பங்கைக் கொடுக்கலை, நீங்க சொல்லுங்க சாமி” என்று அழுதிருக்கிறாள். தமக்கு முன்னமே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், முதல் தடவையாகக் கேட்பவர் போல அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் அந்த ரகசியம் அப்படிப்பட்டது. வெளியிட்டால் குருவுக்குச் சபை விலக்கு, தானாகவே விழும். அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டுமே உண்டு. சொன்னவர் இறந்துபோனாலும் ரகசியம் இறப்பதில்லை. கோர்ட்டு கேட்டாலும் கிடையாது. தன் உயிரே போனாலும் கிடையாது. 1953-ல் ஹிட்ச்காக் இதை வைத்தே ஒரு படம் எடுத்தார். கொலைகாரன் குருவிடம் கொலையைச் சொல்லிவிடுகிறான்; பழி அந்தக் குருவின் தலையிலேயே விழுகிறது; அவர் வாயைத் திறக்க முடியாது. 1393-ல் பிராகு நகரத்தில் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட அர்ச். நெப்போமுக் அருளப்பர், ராணியின் பாவசங்கீர்த்தனத்தை ராஜாவுக்குச் சொல்ல மறுத்ததால்தான் கொல்லப்பட்டார் என்று ஐதீகம். மடத்து அதிபர் நியமனத்தில் வந்த தகராறுதான் காரணம் என்கிறார்கள் சரித்திரக்காரர்கள். இரண்டில் எது ஆனாலும், குருமார்கள் தங்களுக்கு முன்மாதிரியாக அவரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாம் வருஷம் தவக்காலத்தில் பெரியவர் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனார். மகன்கள் இருவரும் குதித்தார்கள். “சாமியார் பேச்சைக் கேட்டு எங்க சோத்துல மண்ணைப் போடுதியளே!” என்று பெரிய மகன் ஒரு மாதம் பேசவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் காலில் விழுந்து அழுவாள், ஊர் பாராட்டும் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார். அவள் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “13 வருஷ வெள்ளாமை எங்கண்ணே?” என்றாள்.

பெரியவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேரே கோயிலுக்குப் போய்க் கூண்டுக்குள் அதையும் கொட்டினார். “அவர்கள் கேட்பது நியாயம்தானே?” என்றாராம் குரு. கடைசியில், கையில் ரொக்கம் இல்லாததால், வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று பேசி முடித்தார்கள். நான் அவரைப் பார்த்தபோது இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். தங்கை அவரோடு நன்றாகப் பேசுகிறாளா என்று கேட்டேன். “நெல்லு வாங்கும்போது பேசுவா” என்றார்.

கூண்டு இல்லாத காலமும் ஒன்று இருந்தது. ஆதித் திருச்சபையில் பெரிய பாவங்களுக்குப் பகிரங்கப் பிராயச்சித்தம்தான். பெரிய பாவம் செய்தவர்கள் மாதக் கணக்கில், சில இடங்களில் வருஷக் கணக்கில், விலகி நிற்க வேண்டும். 390-ல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் வெட்டப்படக் காரணமான தெயோதோசியுஸ் சக்கரவர்த்தியையே, மிலான் மேற்றிராணியார் அம்புரோஸ் நற்கருணை கிடையாது என்று நிறுத்திவைத்தார். ரோம சாம்ராஜ்யத்துக்கே அதிபதி, ராஜ உடையைக் கழற்றிவைத்துவிட்டு ஜனங்களுக்கு முன்னால் அழுதான். அந்தக் கடுமைக்குப் பயந்து, சாகப்போகும் வரை ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டவர்களும் உண்டு. பிறகுதான் அயர்லாந்து தேசத்துத் துறவிகள், காதோடு காதாகச் சொல்லி, எத்தனை தடவையும் மன்னிப்புப் பெறலாம் என்ற முறையை ஐரோப்பாவெங்கும் பரப்பினார்கள். எது மேல் என்று கேட்டால் காதோடு சொல்வதுதான் மேல் என்பேன். ஊர் முன்னால் நிற்கவேண்டி வந்திருந்தால், நம் பெரியவர் வாயையே திறந்திருக்க மாட்டார். தங்கைக்கும் வயல் கிடைத்திராது.

இதில் கோளாறே இல்லையா என்றால், இருக்கிறது. மாதா மாதம் போய் ஒரே பட்டியலை ஒப்பித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாத கேள்வி கேட்கும் குருமார்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அதனால்தான் மேலே சொன்ன தட்டியே வந்தது. 2018-ல் கேரளத்தில், கத்தோலிக்கத்தைச் சேராத ஒரு பழைய சபையின் குருக்கள் சிலர், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே அவளை மிரட்டினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. இந்த வழக்கத்தையே எடுத்துவிட வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் அப்போது பரிந்துரைத்தது. சபைகள் ஒன்றாக எதிர்த்தன. ஆஸ்திரேலியாவில் 2017-ல் அறிக்கை கொடுத்த அரச விசாரணைக் குழு, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை விஷயத்தில் பாவசங்கீர்த்தன ரகசியத்துக்கு விலக்குக் கூடாது என்றது. சில மாகாணங்கள் அப்படியே சட்டமும் செய்தன. திருச்சபை இணங்கவில்லை. ரகசியம் போய்விடும் என்று தெரிந்தால் குற்றவாளி வரவே மாட்டான் என்பது ஒரு கட்சி. வந்து மட்டும் எந்தக் குழந்தை தப்பியது என்பது மற்றொரு கட்சி. இரண்டாவது கட்சியை ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வருகிறது.

குருமார்களுக்கு யார் பாவம் கேட்பது? இன்னொரு குரு. மேற்றிராணியாருக்கும் அப்படியே. 2014 மார்ச்சு மாதம் ரோமில் இராயப்பர் தேவாலயத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டிய பாப்பரசர் பிரான்சிஸ், எல்லோரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன்னால் போய் முழந்தாளிட்டார். பத்திரிகைகள் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டன. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வழக்கமாகப் படம் பிடிக்க ஆள் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

கேட்கிறவர்கள் பாடும் லேசல்ல. பிரான்ஸ் தேசத்தில் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துப் பங்குக் குரு, 1859-ல் காலமான அர்ச். வியான்னி அருளப்பர், கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு 16 மணி நேரம்கூடக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, தாமஸ் பைல்ஸ் என்ற ஆங்கிலக் குரு படகில் இடம் வேண்டாமென்று மறுத்து, மேல்தட்டில் கூடி நின்ற ஜனங்களுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தபடியே கப்பலோடு போனார்.

வாசகி இன்னும் இரண்டு சிறு கேள்விகள் கேட்டிருக்கிறார். இதற்குக் காசு உண்டா? கிடையாது, காலணா வாங்கக் கூடாது. டெலிபோனில் சொல்லலாமா? அதுவும் கூடாது, நேரில்தான் போக வேண்டும். 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. குரு கிடைக்காவிட்டால், சர்வேசுரனிடம் நேரே உத்தம மனஸ்தாபத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள், வசதி கிடைத்ததும் கூண்டுக்கு வாருங்கள் என்று பாப்பரசரே சொன்னார். டெலிபோனை மட்டும் அனுமதிக்கவில்லை.

அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்கச் சங்கோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, தாராளமாகக் கேளுங்கள். என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கட்டின புருஷன்கூடக் கேட்கிறதில்லை.